இருபது வருஷம் கழிச்சு சொன்னா அது புகாரா, பழிவாங்கலா?

வாய்தா:
பாலியல் தொல்லையை வெளிய சொல்ற மீ டூ இயக்கம் பத்தி எனக்கு ஒரே கேள்வி. நடந்தப்பவே சொல்லாம இருபது வருஷம் கழிச்சு ட்வீட் போட்டா, பேர் அடிபட்டவன் எதை வெச்சு மறுப்பான்? அன்னிக்கு எங்க இருந்தோம்னு அவனுக்கே ஞாபகம் இருக்காது.

கொடிமல்லி:
நடந்தப்பவே சொல்லலைன்னு யார் சொன்னது? ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனோட லண்டன் உதவியாளர் ஸெல்டா பெர்கின்ஸ். வைன்ஸ்டீன் தன்னைப் பலாத்காரம் பண்ண முயன்றார்னு கூட வேலை பார்த்த பெண் சொன்னதும், 1998லயே எதிர்த்து நின்னு வேலையை விட்டாங்க. மிஞ்சினது என்ன? வெளியே மூச்சு விடக்கூடாதுன்னு ஒரு ஒப்பந்தம். 2017ல அதை மீறித்தான் வாயைத் திறந்தாங்க. நடுவுல போன 19 வருஷத்துக்கு யார்கிட்ட கணக்கு கேப்பீங்க?

வாய்தா:
அதே வைன்ஸ்டீனுக்கு 2020ல நியூயார்க்ல 23 வருஷம் தண்டனை. 2024ல மேல் கோர்ட் அந்தத் தீர்ப்பையே ரத்து பண்ணிடுச்சு. வழக்குல சேராத குற்றச்சாட்டுகளுக்கெல்லாம் பெண்களைச் சாட்சி சொல்ல விட்டது தப்புன்னு. வெளியில இருக்கிற ஆத்திரம் கோர்ட்டுக்குள்ள புகுந்தா இதுதான் நடக்கும்.

கொடிமல்லி:
மறுவிசாரணையை வசதியா விட்டுட்டீங்க. 2025ல ஒரு குற்றச்சாட்டுல மறுபடி குற்றவாளி, இன்னொண்ணுல விடுதலை. வருஷம் கடந்தும் பிரிச்சுப் பார்க்க முடியுதே.

திண்ணைவாசி:
ரெண்டு பேரும் கோர்ட்டையே சுத்தறீங்க. 2006ல அமெரிக்கச் சமூக ஆர்வலர் தரானா பர்க் மீ டூவை ஆரம்பிச்சது பாதிக்கப்பட்ட கறுப்பினச் சிறுமிகளுக்குத் துணையா நிக்கறதுக்கு. குற்றம் சாட்டப்பட்டவங்க பேர் பட்டியலெல்லாம் பின்னாடி வந்தது. எழுதினவர் பேரில்லாத பதிவு ஒண்ணை நானும் பகிர்ந்திருக்கேன். இன்னிக்குன்னா பகிர மாட்டேன்.

வாய்தா:
அதைத்தானே சொல்றேன்!

கொடிமல்லி:
பேர் போட்டு எழுதினா மட்டும்? பத்திரிகையாளர் பிரியா ரமணி தன் பேரோடதான், எம்.ஜே. அக்பர் தப்பா நடந்துக்கிட்டார்னு எழுதினாங்க. அப்போ மத்திய இணை அமைச்சரா இருந்த அக்பர் அவங்க மேல அவதூறு வழக்கு போட்டார். பல பத்தாண்டு கழிச்சும் ஒரு பெண் தான் விரும்பற மேடையில சொல்லலாம்னு சொல்லி, 2021 பிப்ரவரியில டெல்லி கோர்ட் அவங்களை விடுவிச்சது. அதுவரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு மேல குற்றம் சாட்டப்பட்டவரா நின்னது அவங்க. பேர் போட்டா கேஸ், போடலைன்னா கோழை.

வாய்தா:
ரமணி விஷயம் ஒத்துக்கறேன். பொய்யா மாட்டினவனுக்கு என்ன வழின்னு இன்னும் யாரும் சொல்லல.

கொடிமல்லி:
ட்வீட்டுல அதுக்கு வழி இல்லதான். ரெண்டு தரப்பையும் உக்கார வெச்சு விசாரிக்கத்தான் ஆபீஸ்ல புகார்க் குழு. யார் யார் இருக்காங்கன்னு எல்லார் கண்ணுலயும் படற மாதிரி ஒட்டணும்னு வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம் சொல்லுது. உங்க ஆபீஸ் குழுவுல யார் இருக்கா?

வாய்தா:
ஹெச்.ஆர். மேடம் இருப்பாங்கன்னு நினைக்கிறேன். ஒட்டியிருந்து பார்த்த ஞாபகம் இல்ல.