தலவாக்கலைக் குளிரில் குஞ்சு பொரிக்கும் பெட்டி: இரவில் காற்றுத் துளைகளை அடைக்கலாமா?

கேள்வி (தலவாக்கலை)

வணக்கம். மீன் வரும் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டியொன்றில் குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்திருக்கிறேன். மூடியின் நடுவில் 60 வாட் மின்குமிழ், பக்கத்தில் பழைய கணினியிலிருந்து கழற்றிய 12 வோல்ட் விசிறி, சூட்டைக் கட்டுப்படுத்தச் சிறிய தேர்மோஸ்டாட். முட்டை இன்னும் வைக்கவில்லை. வெறும் பெட்டியை ஓடவிட்டால் குமிழுக்கு நேர்கீழே 39 பாகை, மூலையில் 35.5.

இரவில் எங்கள் லயத்துக் காம்பராவில் குளிர் எலும்பைத் துளைக்கிறது. காற்றுத் துளைகளைத் துணியால் அடைத்துவிடு என்கிறார் மாமியார். கோழி விஷயத்தில் இந்த வீட்டில் அவர் சொல்வதே சட்டம். "அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் காற்றா வீசுகிறது?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் வரவில்லை. அடைக்கவா, விடவா?

பதில் (பண்டாரவளை)

அடைக்காதீர்கள் தம்பி. அடைக்கோழி அன்றாடம் தீனிக்கு எழுந்து போகிறதே, அப்போது முட்டையில் காற்றுப் படவில்லையா என்று மாமியாரிடம் கேளுங்கள். மெதுவாகக் கேளுங்கள்.

ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாகத்தான் குஞ்சு மூச்சு விடுகிறது. கடைசி நாட்களில் அதற்குக் காற்று மிக அதிகமாகத் தேவை. மலையில் காற்றே மெலிது. அதையும் அடைத்தால், முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கும். அடியில் சில துளைகள், மேலே சில துளைகள் இருக்கட்டும்.

நம் பக்கத்தில் பலரும் ஏமாறுவது ஈரத்தில்தான். வெளியே பனி மூடி, கொடியில் போட்ட துணி காயாமல் கிடக்கும். ஆனால் 12 பாகையிலுள்ள அந்த ஈரக்காற்று பெட்டிக்குள் 37.5 பாகைக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் கால்வாசிக்கும் கீழே போய்விடும். ஆகவே தண்ணீர் வைத்தே தீர வேண்டும். ஆழமான கோப்பை வேண்டாம், பிஸ்கட் டின் மூடி போல அகலமானது வையுங்கள். ஆவியாவது நீரின் பரப்பைப் பொறுத்தது. ஈரப்பதம் முதல் 18 நாட்களுக்கு 50 முதல் 55 வீதம், பிறகு 65க்கு மேல். முட்டை திருப்புவதையும் 18ஆம் நாளோடு நிறுத்திவிடுங்கள்.

சூட்டுக்கு வருவோம். ஒரு 60 வாட்டுக்குப் பதிலாக எதிரெதிர் மூலைகளில் இரண்டு 25 வாட் போடுங்கள். ஒன்று எரிந்துபோனாலும் மற்றது காப்பாற்றும். குமிழுக்கும் முட்டைக்கும் நடுவே தகரம் ஒன்றை மறைப்பாக வையுங்கள். விசிறி முட்டையைப் பார்த்து வீசக்கூடாது. குமிழைத் தாண்டிச் சுவரில் மோதிக் காற்று சுற்றிவர வேண்டும்.

பதில் (ஹட்டன்)

வெப்பமானியை நம்புவதற்கு முன் சோதியுங்கள். கொதிநீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று பார்க்காதீர்கள். எங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் 96 பாகையளவிலேயே கொதித்துவிடும். வெதுவெதுப்பான நீரில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியோடு சேர்த்து வைத்து ஒப்பிடுங்கள்.

மின்சாரம் போகும் இரவுகளுக்காக, தண்ணீர் நிரப்பிய போத்தல் இரண்டை எப்போதும் உள்ளேயே படுக்க வையுங்கள். சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மின்சாரம் போனால் மேலே கம்பளியைப் போர்த்துங்கள், துளைகளை மட்டும் விட்டுவிட்டு.

கேட்டவர் (தலவாக்கலை)

நன்றி. தகரம் வைத்து விசிறியைத் திருப்பிய பின் நடுவில் 37.7, மூலையில் 37.3. மாமியாரிடம் கேட்டும் விட்டேன். பதில் சொல்லவில்லை, வாத்து முட்டை நான்கைக் கொண்டுவந்து கொடுத்து, இவற்றையும் சேர்த்து வை என்றார். வைக்கலாமா?

பதில் (பண்டாரவளை)

கோழிக்கு 21 நாள், வாத்துக்கு 28. கோழிக்குஞ்சு பொரிக்கும் நேரத்தில் ஈரத்தைக் கூட்டினால் வாத்து முட்டைக்கு ஆகாது. அவற்றை அடைக்கோழியிடமே விடுங்கள்.