ஜேர்மனி மாணவர் விசா: இங்கிருந்து யூரோ அனுப்ப முடியவில்லை, வேறு வழி?

உவர்மலை_83:
தங்கச்சிக்கு ஜேர்மனியில் மாஸ்டர்ஸ் இடம் கிடைத்திருக்கிறது. புளொக் எக்கவுண்டுக்கு (மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கு) 11,904 யூரோ போட வேண்டும். திருகோணமலைக் கிளையில் கேட்டால் கொழும்பைக் கேட்கவேணும் என்று இழுக்கிறார்கள். அப்பாவின் பெயரில் ரூபாய் நிலையான வைப்பு இருக்கிறது, அதைக் காட்டினால் காணுமா? சித்தப்பா டோர்ட்முண்டில், மாமா சூரிச்சில்.

கடலோரம்:
காணாது. மாதம் 992 யூரோப்படி ஒரு வருடச் செலவு ஜேர்மனியில் எடுக்கக்கூடியதாக இருக்கவேணும். இங்குள்ள வைப்பு அதற்கு ஈடாகாது. புலமைப்பரிசிலும் ஜேர்மன் வங்கி உத்தரவாதமும் சட்டப்படி வழிகள்தான், ஆனால் உங்களுக்குக் கிட்டினது சித்தப்பாவின் பொறுப்புப் பத்திரம், அதாவது தங்கச்சியின் செலவைத் தான் ஏற்பதாக அவர் எழுதிக் கொடுப்பது. ஜேர்மன் வதிவிடச் சட்டம் 66 முதல் 68 வரையான பிரிவுகளின் கீழ், அவர் வசிக்கும் நகரத்து வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரில் கையொப்பமிடவேணும். கட்டணம் 29 யூரோ. வழமையாகக் கேட்பது கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டை, வீட்டு வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட். அவரில் தங்கியிருப்போர் கூடக்கூடத் தேவைப்படும் சம்பளமும் கூடும். பொறுப்பு ஐந்து வருடம் வரை நீளலாம், அதை முதலே அவருக்குச் சொல்லிவிடுங்கோ.

உவர்மலை_83:
நன்றி அண்ணா. பத்திரத்தில் எதைக் கவனிக்கவேணும்?

கடலோரம்:
நோக்கம் 'படிப்பு' என்று இருக்கவேணும். வருமானப் பகுதியில் 'நாக்கெவீசன்' (நிரூபிக்கப்பட்டது) குறிக்கப்பட்டிருக்கவேணும். 'கிளவுப்ஹாஃப்ட்' (நம்பத்தக்கது என்று மட்டும்) என்ற பெட்டியில் புள்ளடி விழுந்தால் மாணவர் விசாவுக்கு இடறும். கையொப்பத்துக்கு முன்னமே அலுவலரிடம் சொல்லித் திருத்துவிக்கவும். தங்கச்சியின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே, அப்பா பெயரையும் விரித்து. மூலப்பத்திரம்தான் தூதரகத்துக்கு, ஸ்கேன் எடுபடாது. ஆறு மாதத்துக்குள் பாவிக்கவேணும், அதனால் விசா நேரம் கிடைக்கும் காலத்தைப் பார்த்து எடுங்கோ.

நிலாவெளி:
சித்தப்பாவின் சம்பளம் பத்தாவிட்டால் மாமா நேரே புளொக் எக்கவுண்டுக்குப் போடலாம். கணக்கு தங்கச்சியின் பெயரில் இருந்தால் சரி, அனுப்புபவர் வேறு ஆளாக இருக்கலாம். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவருடைய வங்கிக் கூற்றைக் காட்டலாம். உண்டியல் (வங்கி இல்லாமல் ஆள்வழியாகக் காசு அனுப்புவது) பக்கம் போகாதேங்கோ, காட்ட ஒரு தாளும் இராது.

கடலோரம்:
இங்கிருந்து வங்கியால்தான் அனுப்புவது என்றால் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், கடவுச்சீட்டுப் பிரதி, புளொக் எக்கவுண்ட் திறந்த உறுதிக் கடிதம், பணம் வந்த வழிக்கான சான்று நாலையும் ஒன்றாகக் கொடுங்கோ. கட்டணம் முழுக்க அனுப்புபவருக்கு என்று எழுதுவிக்கவும். இடைவங்கி பத்து யூரோ கழித்தாலும் தொகை நிரம்பாமல், காசு முழுதும் வந்தது என்ற உறுதிப்பத்திரம் தாமதமாகும்.