ஆங்கில 'டேக்' என்றால் எடுப்பதா? மொழிபெயர்ப்பில் உங்களைச் சிக்கவைத்த வரி எது? (ஒவ்வொரு பதிலின் மேலேயும் எழுதியவரின் புனைபெயர்.)

புதுக்கடை மூலை
ஒரு சட்டத்தரணியின் வாழ்க்கைக் குறிப்பு. ஆங்கிலத்தில் 'டுக் சில்க்' என்று இரண்டே சொல். தமிழில் வந்திருந்தது: 'அவ்வாண்டு அவர் பட்டு எடுத்தார்.' வாசித்தால் பிழையே தெரியாது, அதுதான் வயிற்றெரிச்சல். கலியாணத்துக்குக் காலி வீதிக் கடைகளில் ஏறி இறங்கிய மனுஷன் மாதிரி நிற்கிறார்.

மூத்த சட்டத்தரணிகள் பட்டு அங்கி அணியும் பிரித்தானிய வழக்கத்தில் வந்த சொல் அது. இலங்கையில் இன்றைக்கு அதற்கு அர்த்தம் 'சனாதிபதி சட்டத்தரணியாக நியமனம் பெற்றார்' என்பது. அங்கியை மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஆனால் ஆண்டைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. 1972இல் குடியரசாகும் முன் என்றால் 'இராணி அப்புக்காத்து', 1952க்கும் முந்தியதென்றால் இராணியே இல்லை, மன்னர். சனாதிபதி சட்டத்தரணி என்ற நியமனம் அரசியலமைப்பில் ஏறியது 1984இல், 8ஆவது திருத்தத்தோடு.

குளிசைப் பெட்டி
பட்டு எடுத்தால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. மருந்து எடுத்தால் ஆகும். பெட்டியில் ஒட்டியிருந்த வரி: 'நாளொன்றுக்கு இரு தடவைகள் இரு குளிசைகள் எடுக்கவும்.'

நம்மிடையே மருந்து எடுப்பதென்றால் டொக்டரிடம் காட்டி வாங்கிக்கொண்டு வருவது. 'மருந்து எடுத்தாச்சா?' என்று கேட்டால் 'ஓம்' என்பார்கள், பை பிரிக்காமல் மேசையில் கிடக்கும். அடுத்த பிழை எண்ணிக்கை. நாளுக்கு மொத்தம் இரண்டா, நாலா? வயதானவர் இரண்டு என்றே வாசிப்பார். இப்படி எழுதினால் சந்தேகம் வராது: 'காலை 2 குளிசை, இரவு 2 குளிசை. தண்ணீரோடு விழுங்கவும்.'

ஆங்கில 'டேக்' விழுங்குவதையும் சப்புவதையும் கரைத்துக் குடிப்பதையும் நாக்கின் கீழ் வைப்பதையும் ஒன்றாக மூடிவிடுகிறது. தமிழில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையை விழுங்கினால் மருந்தின் பெரும்பகுதி ஈரலிலேயே சிதைந்துவிடும். எந்த வினை என்று தெரியாவிட்டால் மருந்தாளரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். 'வித் ஃபூட்' என்பதற்கு 'உணவுடன்' என்று விறைப்பாக எழுதுவதைவிட 'சாப்பிட்ட கையோடு' நல்லது.

ஆமர் வீதி
எல்லாரும் அபூர்வமானதையே பிடிக்கிறீங்கள். ஒவ்வொரு நாளும் கண்ணில குத்துறது 'விபத்து இடம்பெற்றது'. 'டேக் ப்ளேஸ்' அப்படியே வந்து குந்தியிருக்கு. இடம்பெறுறது எண்டா அணியில, பட்டியலில, மலரில சேர்ந்திருக்கிறது. விபத்து நடக்கும். கலியாணம் நடந்தேறும். கொடியேற்றம் நடைபெறும். இழப்பு நேரும். ஒவ்வொண்டுக்கும் ஒரு சொல் கிடக்க எல்லாத்துக்கும் ஒரே சீல் குத்துறது சோம்பல்.

கொட்டாஞ்சேனை 13
ஆமர் வீதி அண்ணன் கோபிக்கக் கூடாது. 'இடம்பெற்றது' இலங்கைப் பத்திரிகைத் தமிழில் எப்போதோ வேர் விட்டுவிட்டது. சென்னைக்காரர் நெற்றியைச் சுருக்குவார்தான். 'எனக்கு கோல் எடுங்கோ' என்றாலும் அவர் சுருக்குவார்; அவருக்கு அது அடிக்கிற போனைத் தூக்கச் சொல்வது, நமக்கு அழைக்கச் சொல்வது. அதற்காக மாற்றுவோமா? 'நடவடிக்கை எடுத்தல்' மட்டும் எங்கிருந்து வந்ததாம்? அதை நீங்களும் எழுதுகிறீர்கள். பழகிய சொல்லை விடுங்கள். வாசிப்பவரை வேறு அர்த்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதைத்தான் பிடிக்க வேண்டும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதலில் 'டேக்'கைக் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். லுக், வோக், டிசிஷன் என்று ஒரு செயலின் பெயர் நின்றால் வேலை முடிந்தது, அந்தப் பெயரே தமிழில் வினை: பார், நட, தீர்மானி. தளபாடம் நின்றால் அது ஒரு பதவி அல்லது ஒரு கட்டம். 'டேக் த செயார்' தலைமை தாங்குவது, 'டேக் த ஃப்ளோர்' உரையாற்ற எழுவது, 'டேக் த ஸ்டேண்ட்' சாட்சிக் கூண்டில் ஏறுவது. 'உறுப்பினர் தரையை எடுத்தார்' என்று ஒரு கூட்ட அறிக்கையில் இருந்தது, கொத்தனார் போல.

'ஓவர்', 'இன்' என்று வால் ஒட்டியிருந்தால்தான் தலையிடி. 'டேக் ஓவர்' வந்தால் யாரிடமிருந்து, விரும்பிக் கொடுத்தாரா என்று கேளுங்கள். புது முகாமையாளர் பொறுப்பேற்றார், அரசு காணியைச் சுவீகரித்தது, படை நகரைக் கைப்பற்றியது. பங்கு வாங்கிய கம்பனியைக் 'கைப்பற்றியது' என்று எழுதினால் அடுத்த நாள் சட்டத்தரணியின் கடிதம் வரும். 'டேக் இன்' இன்னும் மோசம்: தையற்காரர் தொளதொள சட்டையைப் பிடித்துத் தைப்பார், நல்லவர் அடைக்கலம் கொடுப்பார், கள்ளன் ஏமாற்றுவான். 'ஹீ வொஸ் டேக்கன் இன்' என்று தனியே நின்றால் முன்வரியைப் பார்க்காமல் தொடவே வேண்டாம். எழுதி முடித்ததும் ஆங்கிலத்தைக் காட்டாமல் ஒருவருக்கு வாசியுங்கள். 'இது இங்கிலீசில் என்ன' என்று அவர் கேட்டால் திருப்பி எழுதுங்கள்.

ஆமர் வீதி
'நடவடிக்கை எடு' பற்றிச் சொன்னது நியாயம். 'விபத்து இடம்பெற்றது' நியாயமில்லை.

மட்டக்குளி
'டேக் இட் வித் எ பிஞ்ச் ஒஃப் சோல்ட்.' ஒரு பேட்டியில் 'அவர் சொன்னதை ஒரு சிட்டிகை உப்போடு ஏற்கிறேன்' என்று வந்தது. ஆங்கிலக்காரனுக்கு உப்பு சந்தேகம். உரோமர் பிளினி 1ஆம் நூற்றாண்டில் எழுதிய நஞ்சுமுறிப்புக் குறிப்பில் வரும் உப்புக்கல்லோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். நமக்கு உப்பு நன்றி, உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற ஆட்கள். அந்த வரியை வாசித்தவர், இவர் அவருக்கு ஏதோ கடமைப்பட்டவர் என்று விளங்கிக்கொள்வார், நேர் எதிர். 'அவர் சொன்னதை அப்படியே நம்பவில்லை' போதும். பேச்சென்றால் 'பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்டேன்'.

தெமட்டகொடை
'டேக்ஸ் ஆஃப்டர் ஹெர் மதர்.' வந்தது: 'தாய்க்குப் பின் எடுக்கிறாள்.' தோற்றம் என்றால் 'அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள்', குணம் என்றால் 'அம்மாவைக் கொண்டிருக்கிறாள்'. ஆங்கிலம் இரண்டையும் பிரிக்காது, நாம் பிரிக்க வேண்டும்.

குளிசைப் பெட்டி
இன்னொன்று ஞாபகம் வந்தது. பிரியாவிடை மலர், உரையின் கடைசி வரி: 'கனத்த மனதோடு உங்களிடமிருந்து விடுமுறை எடுக்கிறேன்.' ஆங்கிலத்தில் 'டேக் லீவ்', விடைபெறுகிறேன் என்று இருக்க வேண்டியது. 300 பிரதி அச்சாகிவிட்டது.