தறிக்குழியில் குட்டி போட்ட வெள்ளச்சி

குழு: தறிவீட்டுச் சொந்தங்கள், அம்மாப்பேட்டை

லதா சித்தி: எல்லோரும் கொஞ்சம் பாருங்கள். வெள்ளச்சிப் பூனை குட்டி போட்டிருக்கிறது, தறிக்குக் கீழே கால் வைக்கிற குழிக்குள். நாளைக் காலை வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள். என்ன செய்வது?

லதா சித்தி: (படம்)

கார்த்தி: ஐயோ. எத்தனை?

லதா சித்தி: நான்கு தெரிகிறது. டார்ச் அடித்தால் சீறுகிறது.

பெரியப்பா: அந்தக் குழியை மூடச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன்.

முருகன் மாமா: மச்சான் ஆரம்பித்துவிட்டார்.

திவ்யா: சித்தி, ஞாயிற்றுக்கிழமை என் வளைகாப்புக்கு அந்த அறையில்தானே மணை போடுவதாகச் சொன்னீர்கள்?

லதா சித்தி: ஆமாம்மா, அதுதான் கவலை. கையால் தொடாதே, தொட்டால் ஏழு வீடு மாற்றும் என்று ஆயா வேறு சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

பெரியப்பா: ஒரு அட்டைப்பெட்டியில் எடுத்து மொட்டை மாடியில் வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

செல்வி அத்தை: அண்ணா, மாடி வேண்டவே வேண்டாம். பொறுமையாகப் படியுங்கள். பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது, நடுங்கக்கூட வராது. தாயின் வயிறும் கூடப் பிறந்தவையும்தான் அதற்குப் போர்வை. மாடியில் பகலில் வெயில் தாங்காது, ராத்திரி விறைத்துவிடும். கண் திறக்கவே ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். வெள்ளச்சி ஏன் குழியைத் தேடிப் போனாள்? இருட்டு, காற்று அடிக்காது, ஆள் நடமாட்டம் இல்லை. அதைவிட நல்ல இடம் நம்மால் பார்த்துக் கொடுக்க முடியாது. நாம் கலைத்தால் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு பக்கத்து வீட்டு ஓட்டுக்குப் போய்விடுவாள். ஆயா சொல்வதும் அதைத்தான்.

கார்த்தி: அத்தை ஏற்காட்டிலிருந்து பாடம் எடுக்கிறார்.

முருகன் மாமா: எடுக்கட்டும். அவர் வீட்டில் எப்போதும் நான்கைந்து திரியும்.

லதா சித்தி: அண்ணி, ஒரு கிண்ணம் பால் வைத்தேன். சரியா?

செல்வி அத்தை: பால் வேண்டாம் லதா. வளர்ந்த பூனைக்குப் பெரும்பாலும் பசும்பால் செரிக்காது, வயிறு கெடும். தாய்க்கு வயிறு கெட்டால் குட்டிக்குத்தான் பால் குறையும். தண்ணீர் தனியாக வை. உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்த கோழி, அவித்த முட்டை கொடு. மேட்டூர் அணை மீன் வந்தால் முள்ளை எடுத்துவிட்டுக் கொடு. கருவாடு கூடாது, உப்பு. பால் கொடுக்கும் பூனை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பிடும், கேட்கக் கேட்கக் கொடு. கடையில் குட்டிகளுக்கான தீவனம் கிடைத்தால் அதையே தாய்க்கும் வைக்கலாம், சத்து அதிகம்.

பெரியப்பா: இந்த வீட்டில் எனக்குக்கூட அவித்த முட்டை கிடையாது.

லதா சித்தி: பெரிய மாமா, உங்களுக்குக் கொலஸ்ட்ரால் என்று டாக்டர் சொன்னதால்தானே!

கார்த்தி: முட்டையை விடுங்கள். சமையலுக்கு யாரிடம் சொல்லியாயிற்று?

முருகன் மாமா: செவ்வாய்ப்பேட்டை ஆளிடம் பேசியிருக்கிறேன். இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. சாயங்காலத்துக்குத் தட்டுவடை செட் வேண்டும் என்றாள் திவ்யா.

திவ்யா: காரச் சட்னி நிறைய வைத்து 😋

லதா சித்தி: எல்லோரும் ஒரு நிமிடம். ஒரு குட்டி மட்டும் தள்ளிக் கிடக்கிறது. கத்தவும் இல்லை. காலில் ஏதோ சுற்றியிருக்கிறது.

லதா சித்தி: (படம்)

செல்வி அத்தை: நூல்!! குழியில் பழைய பட்டு நூல் கழிவு கிடக்கிறதா?

லதா சித்தி: மூலையில் ஒரு குவியல் இருக்கிறது. அதன் மேல்தான் படுத்திருக்கிறது. காலில் மூன்று நான்கு சுற்று, பாதம் வீங்கி நீலமாக இருக்கிறது.

செல்வி அத்தை: இழுக்காதே. இழுத்தால் இறுகும். வெள்ளச்சிக்குச் சாப்பாட்டை அறைக்கு வெளியே வைத்து வரவழை. பிறகு நகம் வெட்டும் சின்னக் கத்தரி எடு. தோலுக்கும் நூலுக்கும் நடுவில் மெல்ல நுழைத்து ஒவ்வொரு சுற்றாக வெட்டு. கார்த்தி, அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுப் பேசிக்கொண்டே இரு.

கார்த்தி: போட்டுவிட்டேன்.

பெரியப்பா: என்ன ஆயிற்று

பெரியப்பா: யாராவது சொல்லுங்கள்

கார்த்தி: வெட்டியாயிற்று. கடைசிச் சுற்று தோலில் பதிந்திருந்தது, கொஞ்சம் ரத்தம். ஆனால் குட்டி ஜில்லென்று இருக்கிறதாம்.

செல்வி அத்தை: முதலில் சூடு, அப்புறம்தான் பால். சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது, மூச்சுக்குழலில் ஏறினால் போய்விடும். ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துண்டில் சுற்றி அதன் பக்கத்தில் வை, உன் கையிலும் வைத்துத் தேய். உடம்பு சூடாகி வாயைத் திறந்து தேட ஆரம்பித்ததும் தாயின் மடியிலேயே வைத்துவிடு. நம் கை பட்டதற்காக எல்லாம் அவள் ஒதுக்க மாட்டாள். கால் கருத்துக்கொண்டே போனால் காலையில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போயாக வேண்டும். நூல் முழுவதையும் இப்போதே பொறுக்கிவிடு. பூனை நூலை விழுங்கினால் குடலைச் சுருக்கி அறுத்துவிடும்.

லதா சித்தி: கத்துகிறது அண்ணி!! நன்றாகக் கத்துகிறது. ஆயா தன் பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்தார், குழியில் விரித்திருக்கிறேன். நூல் எல்லாம் எடுத்தாயிற்று.

முருகன் மாமா: அப்பாடா.

பெரியப்பா: கால் நிறம் எப்படி இருக்கிறது?

லதா சித்தி: மெல்லச் சிவக்கிறது பெரிய மாமா.

செல்வி அத்தை: முருகா, பட்டறையில் கிராம் தராசு இருக்கிறதே, நாளை எடுத்து வருகிறாயா? பிறந்த குட்டி ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். நாளுக்கு 10 கிராமாவது ஏற வேண்டும். ஏறாமல் நின்றால் பால் போதவில்லை என்று அர்த்தம். கண்ணால் பார்த்துத் தெரியாது, தராசுதான் சொல்லும்.

முருகன் மாமா: கொலுசு நிறுக்கிற தராசு அக்கா. சரி, மத்தியானம் கொண்டு வருகிறேன்.

திவ்யா: அத்தை, ஒன்று கேட்கிறேன். கர்ப்பிணி இருக்கிற இடத்தில் பூனையே ஆகாது என்று என் மாமியார் சொல்வார். அவர்கள் ஞாயிறு வரும்போது இதைப் பார்த்தால்?

செல்வி அத்தை: அவர் சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறதும்மா. டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு கிருமி, பூனையின் மலத்தில் வரும். கழுவாத கீரையிலும் சரியாக வேகாத கறியிலும்கூட வரும். பூனை ஒரே வீட்டில் இருப்பதாலேயே ஒட்டிக்கொள்ளாது. நீ மலம் அள்ளும் வேலைக்குப் போகாதே, மண்ணைக் கிளறாதே, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. மலத்தைத் தினமும் வேறு யாராவது அள்ளிவிட வேண்டும். கிருமி தொற்றும் நிலைக்கு வரவே ஒரு நாளாவது ஆகும். உன் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேள்.

திவ்யா: சரிங்க அத்தை.

பெரியப்பா: அப்படியே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை தறியைப் பார்க்க ஒருவர் வருகிறார்.

செல்வி அத்தை: எந்தத் தறியை?

பெரியப்பா: நம் தறியைத்தான். சும்மா கிடக்கிறது.

செல்வி அத்தை: யாரைக் கேட்டீர்கள் அண்ணா? அப்பாவின் இன்னொரு தறி போனதும் இப்படித்தான்.

பெரியப்பா: அதை இப்போது எதற்குக் கிளறுகிறாய்.

செல்வி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முருகன் மாமா: படித்துவிட்டேன் அக்கா.

லதா சித்தி: தறியை அப்புறம் பேசலாம். வெள்ளையடிக்கிறவருக்கு இப்போதே போன் செய்ய வேண்டும், என்ன சொல்ல?

செல்வி அத்தை: தறி அறையை விட்டுவிட்டு மற்ற அறைகளை மட்டும் அடிக்கட்டும். சுண்ணாம்பு குழிக்குள் சிந்தினால் குட்டிகளின் தோலும் கண்ணும் தாங்காது. அடித்து முடித்ததும் அந்தப் பக்கம் பினாயில் ஊற்றிக் கழுவாதே. பூனை பாதத்தை நக்கும், அதன் ஈரலால் அந்த விஷத்தை முறிக்க முடியாது. பாச்சை உருண்டையும் வேண்டாம்.

பெரியப்பா: ஒரு அறை மட்டும் அழுக்காக இருந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?

திவ்யா: கதவைச் சாத்திவிடலாம் பெரியப்பா. மணையைக் கூடத்தில் போட்டால் போதும்.

லதா சித்தி: கூடத்தில் நாற்பது பேர் உட்கார முடியாதே.

கார்த்தி: மண்டபம்?

முருகன் மாமா: ஆவணி முகூர்த்தத்தில் இந்த நேரத்துக்கு மண்டபம் எங்கே கிடைக்கும்? இரண்டு இடத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.

பெரியப்பா: வெள்ளிக்கிழமை வருகிறவரிடம் அடுத்த மாதம் வரச் சொல்கிறேன். முடியாது என்று சொல்லவில்லை, தள்ளி வைக்கிறேன், அவ்வளவுதான்.

செல்வி அத்தை: அடுத்த மாதமும் போதாது. குட்டிகள் இரண்டு மாதமாவது தாயிடம் இருக்க வேண்டும். அப்புறம் வெள்ளச்சிக்குக் கருத்தடை. பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகிவிடும், கடுவன் பூனை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். செலவில் பாதி என்னுடையது.

கார்த்தி: மீதிப் பாதி?

முருகன் மாமா: இரவு பத்தரை ஆகிறது, தூங்குங்கள்.

திவ்யா: சித்தி, ஒரு குட்டி எனக்கு. இவரிடம் இன்னும் கேட்கவில்லை.

லதா சித்தி: வெள்ளையடிக்கிறவர் போனை எடுக்கவில்லை. காலையில் அவர் வாளியோடு நிற்பதற்குள் யாராவது ஒருவர் இங்கே வாருங்கள்.

பெரியப்பா: நான் ஏழு மணிக்கே வந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறேன். முட்டை எத்தனை வாங்கி வர?