புதுப்பிப்பு: வளைந்துபோன வாழ்த்து அட்டைகள்

போன வாரம் புலம்பியிருந்தேனே, பாம்பனில் எங்கள் வீட்டில் செய்கிற வாழ்த்து அட்டையெல்லாம் ஒரே ராத்திரியில் அப்பளம் மாதிரி வளைகிறது என்று, அதில் பாதித் தப்பு என்னுடையதுதான். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது, தாளின் ஒரு பக்கம் மட்டும் தடவினால் அந்தப் பக்கத்து நார் ஊறி விரிந்து, காயும்போது சுருங்கி இழுக்கிறது. கடல்காற்றின் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இப்போது 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த அட்டை, பசைக்குச்சி, ஒட்டியதும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே அம்மாவின் அரிசி டப்பா (திட்டு தனி). பத்தில் ஒன்பது நேராக வந்தன. பத்தாவதில் சாயம் போட்ட பனை ஓலையில் மீன் செய்து ஒட்டியிருந்தேன், அது மட்டும் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஓலையைப் பசைக்குச்சி பிடிக்கவில்லை, சரி என்று ஊசிநூலால் இரண்டு தையல் போட்டுவிட்டேன். அப்புறம், மிச்சத் தாளெல்லாம் ஈரக்காற்று படாமல் இப்போது மூடி போட்ட டப்பாவில்.