லால்குடியின் வில்: பக்கவாத்தியம் வளர்த்ததா, தடுத்ததா?

கார்வை:
ஒரு மாதமாகக் கர்நாடக சங்கீத வயலின் மேதை லால்குடி ஜெயராமனைத் தவிர வேறு யாரையும் கேட்கவில்லை. காலையில் ரயிலில் தில்லானாக்கள், இரவில் தனிக் கச்சேரிப் பதிவுகள். மோகனகல்யாணி தில்லானாவை மட்டும் எத்தனை தடவை போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கேட்கக் கேட்க சந்தோஷத்தோடு ஒரு ஆதங்கமும் ஏறிக்கொண்டே போகிறது. அதை இங்கே கொட்டுகிறேன், திட்ட நினைப்பவர்கள் திட்டுங்கள்.

அவர் பிறந்தது 1930. பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியமாக, அதாவது பாடகருக்குத் துணையாக வாசிப்பவராக, மேடை ஏறினார். எடின்பரோ விழாவில் வாசித்து, மேற்கத்திய வயலின் மேதை யெஹுதி மெனுஹின் தன் கையால் ஓர் இத்தாலிய வயலினைக் கொடுத்தது 1965 விஷயம். என். ரமணியின் குழல், வெங்கட்ராமனின் வீணையோடு வேணு-வயலின்-வீணைக் கச்சேரிகளை ஆரம்பித்தது 1966. அதாவது முப்பத்தைந்து வயது வரை அவருடைய மேடை நேரத்தில் பெரும்பகுதி அடுத்தவர் கச்சேரிக்குத்தான் போயிருக்கிறது. பாடகர் தோடி ராகத்தைப் பதினைந்து நிமிடம் விரித்தால் வயலினுக்கு ஆறேழு நிமிடம். பாடகர் தொடாத இடத்துக்கு வயலின் போகக்கூடாது, அவரைவிட நீளமாக வாசித்தால் மரியாதைக் குறைவு. இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குள் ஒரு மேதையை இருபது வருஷத்துக்கு மேல் உட்கார வைத்திருக்கிறோம்.

என் கட்சி இதுதான்: பக்கவாத்தியம் அவரை வளர்க்கவில்லை. அதையும் மீறித்தான் அவர் வளர்ந்தார்.

பின்வரிசை:
கார்வை தம்பி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் முடிவு தப்பு. நான் திருச்சிக்காரன், ரேடியோவில் அந்த வயலினைக் கேட்டு வளர்ந்தவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அவர் யாருக்கெல்லாம் வாசித்தார் என்று பாருங்கள். அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள். எல்லோரும் பெரிய பாடகர்கள். ஒருவர் மாதிரி ஒருவர் பாட மாட்டார். அரியக்குடி மத்யம காலத்தில், நடுத்தர வேகத்தில், கச்சிதமாக நடப்பார். ஜி.என்.பி. பிருகாக்களை, அந்த வேகமான ஸ்வரச் சுழல்களை, மின்னலாக உதறிவிட்டு அடுத்த சங்கதிக்குப் போய்விடுவார். மணி ஐயர் சர்வலகுவில், தாளத்தோடு இயல்பாக ஓடும் நடையில், ஸ்வரத்தை அலை அலையாக விடுவார், தாளம் போடுகிறவன் கையே மிதக்கும். ஆலத்தூர் சகோதரர்கள் பல்லவி என்றால் கணக்கில் ஒரு அட்சரம் பிசகினாலும் மேடையிலேயே தெரிந்துவிடும். இன்று மாலை ஒருவர், நாளை மாலை இன்னொருவர். இத்தனை பாணியையும் ஒரே வில்லில் இறக்கினவருக்கு அது எப்பேர்ப்பட்ட பள்ளிக்கூடம்! எந்தக் குரு வீட்டிலும் இது கிடைக்காது.

அப்புறம் அவருடைய தனிக் கச்சேரியை எதற்காகக் கொண்டாடுகிறோம்? வயலின் பாடுகிறது என்பதற்காக. கிருதி வாசிக்கும்போது சாகித்யம், அதாவது பாட்டின் வார்த்தை, காதில் விழும். எழுத்து தொடங்கும் இடத்தில் வில் திரும்பும், நெடில் ஒரே வில்லில் நிற்கும், வல்லினம் வந்தால் வில்லில் சின்னதாக ஓர் அழுத்தம் விழும். தியாகராஜர் சீடப் பரம்பரையில் வந்த குடும்பம், அப்பா கோபால ஐயரே குரு. வார்த்தையை விழுங்காமல் வாசிக்கும் பழக்கம் வீட்டிலேயே விழுந்தது, சரி. ஆனால் பாடகர்களின் வாயை வருஷக்கணக்காகப் பக்கத்தில் இருந்து பார்த்ததால்தான் அது அவ்வளவு கூர்மையானது. அவரிடம் கற்றவர்களில் பாம்பே ஜெயஸ்ரீயும் சாகேதராமனும் பாடகர்கள். ஒரு வயலின்காரரிடம் பாட்டுக் கற்க ஏன் போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பரூர் ரசிகன்:
பின்வரிசை ஐயா, நீங்கள் சொல்வதிலேயே எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. வயலின் பாடினால்தான் வயலினா?

லால்குடி, டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் மூவரையும் வயலின் மும்மூர்த்திகள் என்கிறோம். எம்.எஸ்.ஜி.யின் வில்லைக் கேளுங்கள். அப்பா பரூர் சுந்தரம் ஐயர் கொடுத்த பயிற்சி அது. கர்நாடகம், இந்துஸ்தானி இரண்டிலும் கை தேர்ந்தவர், இந்துஸ்தானிப் பாடகர் ஓம்கார்நாத் தாக்கூருக்கும் பக்கவாத்தியம் வாசித்தவர். ஒரே விரல் ஒரே தந்தியில் கீழிருந்து உச்சிவரை சறுக்கிப் போகும். ஸ்தாயி தாண்டி ஸ்தாயி பாயும். அதை எந்தத் தொண்டையும் செய்ய முடியாது. குரலுக்கு வராத அழகு ஒன்று அந்த மரப்பெட்டிக்குள் இருக்கிறது, எம்.எஸ்.ஜி. அதை வெளியே எடுத்தார். பக்கவாத்திய மரபோ குரலையே அளவுகோலாக வைத்துவிட்டது. லால்குடியை எவ்வளவு நேசித்தாலும், 'பாடுகிறது' என்று பாராட்டும் ஒவ்வொரு முறையும் வயலினைக் குரலுக்கு ஒரு படி கீழே உட்கார வைக்கிறோம்.

தனிக் கச்சேரி 1966-இல் வந்த புதுமையும் இல்லை. துவாரம் வேங்கடசாமி நாயுடு அதற்கு வெகு முன்பே தனியாக வாசித்துக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். 1941-இலேயே மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். அந்த வழியை நாம்தான் அகலப்படுத்தவில்லை.

மும்மூர்த்திகளில் இருவர், எம்.எஸ்.ஜி. ஜனவரியிலும் லால்குடி ஏப்ரலிலும், அதே 2013-இல் போய்விட்டார்கள். அந்த வருஷத்தை நினைத்தாலே மனசு கனக்கிறது.

பின்வரிசை:
எம்.எஸ்.ஜி. பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் அவரும் பாடகர்களுக்கு வாசித்து வாசித்துத்தானே அந்த இடத்துக்கு வந்தார்? 'பாடுகிறது' என்பதைத் தாழ்த்திச் சொல்லும் வார்த்தையாக நான் நினைத்ததே இல்லை.

நாலு தந்தி:
பல வருஷமாக இங்கே படிக்கிறேன், எழுதுவது குறைவு. வயலின் வாசிக்கிறவள், பக்கவாத்தியமாகவும் தனியாகவும். நீங்கள் எல்லோரும் கீழே இருந்து பார்க்கிறீர்கள். மேடையில் அந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. என்ன பாடப் போகிறார் என்பதே பாடகர் வாய் திறக்கும்போதுதான் தெரியும். இன்று ஒன்றரைக் கட்டை ஆண் குரல், நாளைக்கு ஐந்து கட்டைப் பெண் குரல் (கட்டை ஏற ஏற சுருதி உயரும்). ஸ-ப-ஸ-ப என்று நாலு தந்தியையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சேர்க்க வேண்டும். சுருதியை இறக்கினால் தந்தி விரலுக்கடியில் துவளும், ஏற்றினால் விரல் நுனியை அறுக்கும். தந்தியை முறுக்கும் பிரடை நழுவினால், ராகத்தை விரிக்கும் ஆலாபனையின் நடுவிலேயே திருகிக்கொண்டு, மறு கையை நிறுத்தாமல் சமாளிக்க வேண்டும்.

ஆலாபனையில் பாடகருக்கு ஒரு நூல் பின்னால் போவோம். அவர் காம்போதி ராகத்தில் நிஷாதத்தை (நி) தொட்டுவிட்டு எங்கே இறங்கப் போகிறார் என்பதை அவர் கழுத்தையும் கையையும் பார்த்து ஊகிக்க வேண்டும். அவர் மூச்சு வாங்கும்போது சங்கதியின் வாலை நாங்கள் பிடித்துக்கொள்வோம். அந்தக் கார்வை, நீண்டு நிற்கும் ஒலி, அறுந்துபோனால் சபையில் ஒரு குழி விழுந்த மாதிரி இருக்கும். நன்றாகப் பிடித்தால் ஒருவருக்கும் தெரியாது. 'இன்றைக்குப் பாடகர் குரல் என்ன நிறைவு!' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பழைய பதிவுகளில் லால்குடி சார் மணி ஐயருக்கு வாசிக்கும்போது இந்த வால் பிடிக்கும் இடங்களை மட்டும் கேளுங்கள், கார்வை. அங்கே அவருக்கென்று ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனாலும் அந்த இடம் முழுக்க அவர்தான் இருக்கிறார். உங்கள் பெயரையே கார்வை என்று வைத்திருக்கிறீர்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்னால் ஒரு சபாவில் நல்ல பெயருள்ள ஒரு பாடகருக்கு என்னைப் போட்டார்கள். இரண்டு வாரம் அவருடைய பதிவுகளை எல்லாம் கேட்டேன். அவர் அடிக்கடி எடுக்கும் ராகங்கள், ஒரே வரியை விதவிதமாக விரிக்கும் நிரவலுக்கு எந்த வரியைப் பிடிப்பார், ஸ்வரத்தில் கணக்காக முடியும் கோர்வையை எப்படி முடிப்பார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். இரண்டு நாள் இருக்கும்போது போன் வந்தது. பாடகர் பெண் பக்கவாத்தியம் வேண்டாம் என்கிறாராம், மன்னிக்க வேண்டுமாம். அந்த நோட்டு இன்னும் வயலின் பெட்டியில்தான் இருக்கிறது.

அதனால் பக்கவாத்தியம் ஒரு சிறை என்று நீங்கள் எழுதும்போது எனக்கு வலிக்கிறது. அந்தச் சிறைக்குள் நுழையத்தான் நான் பத்து வருஷம் வாசலில் நின்றேன். பாடகி எம்.எல். வசந்தகுமாரிக்குப் பல ஆண்டுகள் வாசித்த வயலின் கலைஞர் ஏ. கன்னியாகுமரி அம்மாவுக்கு 2016-இல் சங்கீத கலாநிதி கொடுத்தார்கள். வயலின் வாசிக்கும் பெண்களில் அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். துவாரத்துக்கும் அவருக்கும் நடுவில் எழுபத்தைந்து வருஷம் ஓடியிருக்கிறது.

பின்வரிசை:
அம்மா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் என்று பெரிதாகச் சொன்னேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரைச் சேர்த்துக்கொண்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்று இத்தனை வருஷம் யோசிக்காமல்தான் கைதட்டியிருக்கிறேன்.

கார்வை:
நேற்று ராத்திரி நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன், மேடம். பாட்டை விட்டுவிட்டு மூச்சு விடும் இடங்களை மட்டும். ஓர் இடத்தில் மணி ஐயர் மேல் ஷட்ஜத்தில் (மேல் ஸ) நிறுத்திவிட்டு மூச்சு எடுக்கிறார். வயலின் அதே ஷட்ஜத்தில் நிற்கிறது, கொஞ்சமும் அசையாமல். அப்புறம் அவர் திரும்பி வருவதற்கு அரை நொடி முன்னால் கீழே ஒரு சின்ன இறக்கம், இப்படி இறங்கலாம் என்று சொல்வது போல. அவரும் அந்த வழியிலேயே இறங்குகிறார். யார் யாரைத் தொடர்ந்தார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்று தடவை ஓட்டி ஓட்டிக் கேட்டேன்.

'மீறி வளர்ந்தார்' என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். சிறை என்ற அர்த்தத்தில் எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் விட மாட்டேன். சென்னையின் டிசம்பர் இசை விழாவில் மாலை வேளையின் பெரிய கச்சேரிகளில் வயலின் தனிக் கச்சேரி எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம். பாடகருக்குக் கொடுக்கும் அந்த இரண்டரை மணி நேரத்தை வயலினுக்கும் கொடுக்க வேண்டும். ராகம், தானம், பல்லவி எல்லாம் அதிலேயே விரியட்டும். பக்கவாத்தியம் எவ்வளவு உயர்ந்தது என்று சொல்லிக்கொண்டே தனி மேடையைக் கொடுக்காமல் இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பரூர் ரசிகன்:
அதற்கு என் இரண்டு கையும் தூக்குகிறேன். தாளமில்லாமல் துடிப்போடு ராகத்தை விரிக்கும் தானம் வயலினில் கேட்க வேண்டிய சமாசாரம். வில் குட்டிக் குட்டியாக வெட்டி வெட்டி நடக்கும்போது வீணையின் மீட்டு ஞாபகம் வரும்.

பின்வரிசை:
நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அந்தத் தனிக் கச்சேரி வாசிக்கிறவர் பத்து வருஷமாவது பாடகர் பக்கத்தில் உட்கார்ந்தவராக இருக்கட்டும். இதில் நான் மாறப் போவதில்லை, கார்வை.

நாலு தந்தி:
உட்கார இடம் கொடுத்தால் உட்காருகிறோம், ஐயா. பத்து வருஷம் என்ன, இருபது வருஷம்கூட.

கார்வை, நீங்கள் கேட்ட அந்த இறக்கத்தை நான் இருபது வயதிலிருந்து வாசித்துப் பார்க்கிறேன். விரல் சரியாகத்தான் போகிறது. வில்லின் எடையை அரை நொடிக்கு முன்னால் எடுக்க வேண்டும், அது இன்னும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கச்சேரி இருக்கிறது, பாடுகிறவர் பெண், ஐந்தரைக் கட்டை. தந்தி மாற்ற வேண்டும், போய்விட்டு வருகிறேன்.