ஹார்ட்விக் ஹால்: இவ்வளவு ஜன்னலை வைத்துக்கொண்டு எப்படி நிற்கிறது?

கல்கட்டு:
இங்கிலாந்தின் டெர்பிஷையரில் உள்ள ஹார்ட்விக் ஹால் என்ற மாளிகையின் முகப்பு முழுக்க ஜன்னல்தான். கட்டியது 1590-97. இரும்பு உத்தரம், கான்கிரீட் எதுவும் இல்லாத காலம். பாரம் எங்கே இறங்குகிறது? வெளிச்சுவரில் புகைபோக்கியையும் காணோமே?

மூலைமட்டம்:
இரண்டுக்கும் ஒரே பதில்தான். கணப்பு, புகைக்குழாய் எல்லாவற்றையும் உள்சுவர்களுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் வெளிச்சுவரில் ஜன்னலுக்கு இடம் கிடைத்தது. கனத்த உள்சுவர் வீட்டுக்கு முதுகெலும்பானது. ஆறு கோபுரங்களும் சும்மா அழகுக்கு இல்லை. காகித அட்டையை மடித்து வைத்தால் நிற்குமே, அதுபோல நீண்ட சுவருக்கு முட்டுக் கொடுக்கின்றன. திட்டம் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சனுடையது என்பார்கள்.

மேலே போகப் போக ஜன்னல் உயரமாவதைக் கவனியுங்கள். வீட்டைக் கட்டுவித்த பெஸ் சீமாட்டி பெரிய மனிதர்களை வரவேற்கும் அறைகளை உச்சித் தளத்தில் வைத்தார். வெளியே தெரிவதை அப்படியே நம்பவும் வேண்டாம்: இருபுறமும் ஒத்துப்போவதற்காக வைத்த பொய் ஜன்னல்களும் உண்டு, கண்ணாடிக்குப் பின்னால் சுவர்தான்!

சாந்துக்கரண்டி:
இந்த மாதிரி வீடுகளில் சீக்கிரம் அடிவாங்குவது ஜன்னலைப் பிரிக்கும் ஒல்லியான கல் கால்கள். ஈயப்பட்டையில் கோத்த கண்ணாடி காற்றில் வளையாமலிருக்கக் குறுக்கே இரும்புக் கம்பி போட்டு, முனையைக் கல்லில் செருகியிருப்பார்கள். அந்த முனை துருப்பிடித்தால் பல மடங்கு உப்பி, கல்லைப் பிளந்துவிடும். வெளியே தெரியும் கம்பிக்கு மட்டும் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. முனையை வெட்டியெடுத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முனை பொருத்த வேண்டும்.

கல்கட்டு:
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்குகளுக்குச் சிமென்ட் பூசினால் என்ன? இன்னும் உறுதியாக இருக்காதா?

சாந்துக்கரண்டி:
அந்த உறுதிதான் வம்பு. சுவருக்குள் போன ஈரம் சாந்து வழியாக வெளியேற வேண்டும். சிமென்ட் அதை அடைத்தால் ஈரம் மணற்கல் வழியாக வரும். உப்பு படிந்து, பனியில் உறைந்து, கல்லின் முகம் மாவாக உதிரும். கடைசியில் கல் உள்வாங்கி, சிமென்ட் மட்டும் விளிம்பு விளிம்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

பழைய சாந்தை இடுக்கின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது 25 மி.மீ., உளியால் எடுங்கள். கிரைண்டர் வேண்டாம், கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும். தூசியைக் கழுவி, நனைத்து, நீரில் இறுகும் சுண்ணாம்பு 1 பங்குக்குச் சொரசொரப்பான மணல் இரண்டரைப் பங்கு கலந்து அழுத்தி அடையுங்கள். சற்று இறுகியதும் கெட்டித் தூரிகையால் குத்திவிடுங்கள். பிறகு பல நாள் ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். 5 டிகிரிக்குக் கீழே போகும் பருவத்தில் வேலையைத் தொடவே வேண்டாம்.